பேஸ்பாலில் நன்றாக ஆடும் இளம் வீரரை ஏன் உடனே அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீக்கில் இறக்குவதில்லை?

பல நேரம் காரணம் பணி நாள் கணக்கு. மேஜர் லீக் அணிப் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு. அப்படி ஆறு ஆண்டு சேர்ந்த பிறகு, ஒப்பந்தம் முடிந்ததும் வீரர் எந்த அணிக்கும் போகலாம். சீசனோ சுமார் 187 நாள். ஆக, தொடக்கத்தில் இரண்டு, மூன்று வாரம் கீழ்நிலை மைனர் லீக்கில் வைத்தாலே அணிக்கு ஏழாவது சீசனும் கிடைத்துவிடும்.

பணி நிரந்தரத்துக்குத் தேவையான நாள் நிறையும் முன் ஒப்பந்தத் தொழிலாளியைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்பது போலத்தான்.

2015 பயிற்சி ஆட்டங்களில் கிரிஸ் பிரையண்ட் 9 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) அடித்தும், சிகாகோ கப்ஸ் அணி அவரை சீசன் தொடங்கிய பிறகு, ஏப்ரல் 17-ல்தான் அழைத்தது. சீசன் முடிவில் அவர் கணக்கு 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! சிறந்த புதுமுக விருது வாங்கினார்; ஆனால் இந்த நாள் கணக்கை எதிர்த்த முறையீட்டில் 2020-ல் தோற்றார். இது வீரருக்கு அநியாயம்தான். லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2022 ஒப்பந்தப்படி, அந்த விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு முழு ஆண்டும் சேரும்.

சீசன் இல்லாத மாதங்களில் நடக்கும் வீரர் பரிமாற்றத்திலும், குறைந்த சம்பளத்தில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதே இளம் வீரரின் விலையைக் கூட்டுகிறது.

களத்தில் இறங்கினால்தான் நாள் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெஞ்சில் இருந்தாலும், மேஜர் லீக் காயப் பட்டியலில் இருந்தாலும் சேரும்.