கரையோரத்து ஜன்னல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா, மார்ச் மாதம்தான் ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையை ஒட்டிய வீட்டுக்குக் குடிவந்தோம். இரண்டாவது மாடி, தெற்குப் பார்த்த பால்கனி. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அம்மாவை, ‘ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், வா’ என்று சொல்லி அழைத்து வந்தேன். இப்போது ஆற்றில் வெறும் மணல்தான் கிடக்கிறது. அம்மா கதவைச் சாத்தச் சொல்கிறார். இந்த வெயிலில் அவருக்கு எதைத்தான் காட்டுவது?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: கதவைச் சாத்தாதீர்கள் அம்மா. இதே கரையில் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். என் மாமனாரும் உங்கள் அம்மாவைப் போலவே இரண்டு கோடைகள் படுக்கையில் இருந்தார். அதனால் இந்தக் கேள்வியைப் படித்ததும் மனசு அங்கே போய்விட்டது.

முதலில் உங்கள் பால்கனியைப் பற்றி ஒரு நல்ல சேதி. நம் ஊரில் ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து, அப்புறம் வடக்கே போய்விடும். திரும்பத் தலைக்கு மேல் வர ஆகஸ்ட் கடைசி வாரம் ஆகும். ஆகவே கத்திரி வெயில் நாட்களில் தெற்குப் பார்த்த பால்கனியில் காலையிலிருந்து மாலை வரை நேர்வெயில் விழாது. காய்வது வடக்குப் பக்கத்து ஜன்னல்கள்தான். ஆனாலும் மணலிலிருந்து அனலும் கூசும் வெளிச்சமும் வரும். காலை ஒன்பது வரை திறந்து வையுங்கள், பிறகு திரையை இழுத்துவிட்டு மாலை ஐந்துக்குத் திறங்கள்.

அடுத்தது கட்டில். படுத்தபடி பார்த்தால் கைப்பிடிச் சுவருக்கு மேலே வானம் மட்டும்தான் தெரியும். உட்கார்ந்து நாம் பார்ப்பதை அவர்கள் பார்ப்பதில்லை என்று எனக்கும் முதலில் உறைக்கவில்லை. ஒருநாள் மாமாவின் தலையணைக்குப் பக்கத்தில் என் தலையை வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நான்கு கால்களுக்கும் கட்டை கொடுத்துக் கட்டிலை அரை அடி உயர்த்தினோம், உருண்டு விழாமல் இருக்கப் பக்கத்தில் தடுப்பும் போட்டோம். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்ததும் மணல்வெளி முழுக்கத் தெரிந்தது. அக்கரையில் மலைக்கோட்டையும் தெரிந்தது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நீங்களும் செய்யுங்கள்.

சரி, என்ன பார்ப்பது? அம்மாவுக்கு விடியற்காலையில் தூக்கம் கலைந்துவிடுகிறதா? எங்கள் மாமாவுக்கு நாலரைக்கே கலைந்துவிடும். அந்த இருட்டிலேயே பேச ஆரம்பிப்பது கரிச்சான். இரட்டைவால் குருவி என்பார்களே, அதுதான். அப்புறம் குயில். கூவுவது ஆண்தான், உடம்பு முழுக்கக் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பறவையைப் பார்த்தால் பருந்து என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் பெண் குயில். அரசமரம் பக்கத்தில் இருந்தால் கன்னார் பட்டறையில் சின்னச் சுத்தியல் தட்டுவது போல ‘டுக், டுக், டுக்’ என்று விடாமல் கேட்கும். அது செம்மார்புக் குக்குறுவான். குருவி சிறியது, இலை நிறம், லேசில் கண்ணில் படாது. கண் மங்கியவர்களுக்குக் காதே போதும்.

வெளிச்சம் வந்ததும் மணலைப் பாருங்கள். வெறும் மணல் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில்தான் எனக்கு மனத்தாங்கல். தண்ணீர் நிறைந்து ஓடும்போது நாம் தண்ணீரைத்தான் பார்ப்போம், மணல் தெரியும்போதுதான் அங்கே குடித்தனம் நடத்துபவர்கள் தெரிவார்கள். தேங்கிய குட்டை ஓரத்தில் மண்ணோடு மண்ணாக மடையான் நிற்கும். எழுந்து பறந்தால்தான் தெரியும், சிறகு முழுக்க வெள்ளை. குட்டைக்கு மேலே ஒரே இடத்தில் அந்தரத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாய்வது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. மணல் சரிவில் வளை தோண்டி முட்டையிடுவது பஞ்சுருட்டான். தேனீயைப் பிடித்துவந்து கம்பியில் அடித்து அடித்துக் கொடுக்கை நீக்கிய பிறகுதான் விழுங்கும்.

எல்லாவற்றிலும் மாமாவுக்கு உயிர் ஆள்காட்டிக் குருவி. கூடு என்று எதுவும் கட்டாது. தரையில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கி, கல்லைப் போலவே இருக்கும் முட்டைகளை இடும். கொதிக்கிற மணலில் முட்டை வெந்துவிடாதா? தாயும் தகப்பனும் மாறி மாறி முட்டைக்கு மேல் நின்று நிழல் கொடுக்கும். போதாது என்றால் குட்டைக்குப் போய் அடிவயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். ‘நனைச்சுட்டு வந்துடுச்சும்மா’ என்று மாமா அடுக்களை வரைக்கும் கேட்கக் குரல் கொடுப்பார்.

2022-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்கு முன்பாக மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 27-ஆம் தேதி கல்லணையும் திறந்தாயிற்று. டெல்டாவுக்கு நல்ல காலம், ஊரே பூத்தூவி வரவேற்றது. எங்கள் வீட்டில் மட்டும் மாமா ஒரு கை சோறு உண்ணவில்லை. ஆள்காட்டி முட்டையிட்டிருந்த மணல் திட்டு ஒரே ராத்திரியில் மூழ்கியிருந்தது. இரண்டு பறவைகளும் இரண்டு நாள் தண்ணீருக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றின. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜூலைக் கடைசியில் கரையோரக் கல்மேட்டில் ஒரு ஜோடி இரண்டு குஞ்சுகளை நடத்திக்கொண்டு போனது. அதே ஜோடிதான் என்று மாமா சாதித்தார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

மாலையில் பச்சைக்கிளிகள் கூட்டமாகப் போகும், உழவாரன்கள் வானத்தில் கோடு கிழிக்கும். இருட்டும் நேரத்தில் ‘க்வாக்’ என்று ஒற்றைக் குரல் கேட்டால் அது வக்கா, இரவு வேட்டைக்குக் கிளம்புகிறது. பைனாகுலர் வாங்குவதானால் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். பத்து மடங்கு என்றால் கைநடுக்கமும் அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க ஆசை. கொசு வரும், புறா சேரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.
– ஒரு வாசகர், குளித்தலை

பதில்: வையுங்கள். இரண்டு பயமும் நியாயமானதுதான், இரண்டுக்கும் வழி இருக்கிறது. கொசு முட்டை பொரிந்து, புழுவாக இருந்து, பறக்கத் தயாராக ஒரு வாரமாவது வேண்டும். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் உள்பக்கத்தைத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றினால் கொசு வராது. சோப்பு போடாதீர்கள்.

அகலமான மண் தட்டுதான் நல்லது. எவர்சில்வர் மத்தியானத்தில் கையைச் சுடும், குருவியின் காலையும் சுடும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல்லை வையுங்கள். அணிலும் வண்டும் விழுந்தால் அந்தக் கல்லைப் பிடித்து ஏறிவிடும். நிழலில் வையுங்கள், அருகில் பூனை பதுங்க இடம் இருக்கக் கூடாது.

புறாவைச் சேர்ப்பது பெரும்பாலும் தானியம்தான். கம்பும் அரிசியும் இறைக்காமல் இருந்தாலே கூட்டம் சேராது. புறா எச்சம் காய்ந்து தூளாகி மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரல் கெடும், வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இதில் இளக்காரம் வேண்டாம். காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பது நம் வழக்கம், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை. சாப்பிட்டு முடித்ததும் இடத்தைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: ஆறு தெரியட்டும் என்று மாடி அறைக்குப் பெரிய கண்ணாடி போட்டோம். ஒரே மாதத்தில் மூன்று பறவைகள் மோதி விழுந்துவிட்டன. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருவையாறு

பதில்: உங்களுக்கு உள்ளே இருந்து ஆறு தெரிகிறது. வெளியே வரும் பறவைக்கு அந்தக் கண்ணாடியில் மரமும் வானமும் தெரிகின்றன, வழி இருக்கிறதென்று பாய்கிறது. நடுவில் ஒரே ஒரு படம் ஒட்டினால் அதைச் சுற்றிக்கொண்டு போய் மோதும். வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளியோ கோடோ வேண்டும். செலவில்லாத வழி: ஜன்னலுக்கு வெளியே மேலே ஒரு கம்பி கட்டி, இரண்டு அங்குல இடைவெளியில் வெள்ளைக் கயிறுகளைத் தொங்கவிடுங்கள். ஒரு வாரத்தில் கயிறு உங்கள் கண்ணுக்குப் பழகிவிடும்.

அடுத்த முறை ஏதாவது விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து உள்ளே வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிள்ளைகளைத் திறந்து பார்க்க விடாதீர்கள். உள்ளே படபடக்கும் சத்தம் கேட்டதும் பெட்டியை வெளியே கொண்டுபோய்த் திறந்துவிட்டு, தள்ளி நில்லுங்கள்.