லேப் டீச்சர் பதில்கள்

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் லேபில் 31 வருடம் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு லேப் டெக்னீஷியன் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். படிப்பு பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டேன்.

டீச்சர், நான் பிளஸ் டூ பயாலஜி குரூப். ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கிறேன். ஒவ்வொரு பாடத்தையும் ஐந்து தடவை வாசிக்கிறேன். அப்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கிறது. பரீட்சையில் பேனாவை எடுத்தால் ஒன்றும் வருவதில்லை. போன வாரம் ஓ ரத்த வகையில் எது இருக்கும், எது இருக்காது என்று குழம்பி மார்க்கை விட்டுவிட்டேன். எனக்கு ஞாபக சக்தி குறைவா?
– மாணவி, சங்கரன்கோவில்

இல்லை மகளே. ஐந்து தடவை வாசித்தாய், சரி. ஒரு தடவையாவது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்த்தாயா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பஸ்ஸில் தினமும் பார்க்கிற முகம் மாதிரி. பார்த்தவுடன் தெரிந்தவர் என்று தோன்றும், பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. பரீட்சையில் கேட்பது பெயரைத்தான். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவில் இருந்தது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ராத்திரி படித்து முடித்ததும் எல்லாம் தெரிகிற மாதிரி இருப்பதும், வாரம் கழித்துக் கைவிடுவதும் உனக்கு மட்டும் நடப்பதல்ல.

உன்னைக் குழப்பிய பாடத்தையே எடுப்போம். லேபில் ரத்த வகை பார்க்க வெள்ளை டைலில் மூன்று சொட்டு மருந்து விடுவோம். நீலச் சொட்டு ஆன்டி-ஏ, மஞ்சள் சொட்டு ஆன்டி-பி, நிறமில்லாதது ஆன்டி-டி; அது பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்க. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தம் சேர்த்து, தனித்தனிக் குச்சியால் கலக்கி, டைலை மெல்ல முன்னும் பின்னும் சாய்ப்போம். ஏ வகை ரத்தமாக இருந்தால் நீலச் சொட்டில் திரிந்த பால் மாதிரித் திட்டுத் திட்டாகப் பிரியும். மஞ்சளில் பிரியாமல் ஒரே சீராக நிற்கும். ஓ வகை என்றால் நீலம், மஞ்சள் இரண்டிலும் ஒன்றும் நடக்காது. ஏன்? ஆன்டிஜன் என்பது சிவப்பணுவின் மேல் இருக்கும் அடையாளம். அந்தச் சிவப்பணுவின் மேல் ஏ ஆன்டிஜனும் இல்லை, பி ஆன்டிஜனும் இல்லை. பிடித்து ஒட்டவைக்க ஒன்றும் கிடையாது. ஆனால் அதே ஆளின் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிந்த நீரில், அந்த அடையாளங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடி இரண்டுமே (ஆன்டி-ஏ, ஆன்டி-பி) இருக்கும். ஏபி வகைக்கு இதை அப்படியே திருப்பிப் போடு.

இப்போது புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் அந்த டைலை வரை. நான்கு வகைக்கும் நான்கு டைல். எந்தச் சொட்டு திரியும், ஏன் என்று பக்கத்தில் எழுது. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, தப்பை மட்டும் சிவப்பு மையால் திருத்து. நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, புதுத் தாளில் வரைந்து பார். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் போதும். வியன்னாவில் லேண்ட்ஸ்டெய்னர் என்ற மருத்துவர் 1901இல் தன் ரத்தத்திலும் கூட வேலை பார்த்தவர்களின் ரத்தத்திலும் சீரத்தையும் சிவப்பணுவையும் பிரித்து, ஒருவர் சீரத்தை மற்றவர் சிவப்பணுவோடு கலந்து, எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று கட்டம் போட்டுத்தான் ரத்த வகைகளைக் கண்டுபிடித்தார். நீ வரையப்போவதும் அந்தக் கட்டத்தைத்தான்.

ராத்திரி ஒரு மணி வேண்டாம். படித்தது மூளையில் படிவதற்குத் தூக்கம் வேண்டும். பத்தரைக்குப் படுத்துவிடு.

அம்மா, நான் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.எஸ்ஸி. நர்ஸிங் முதல் வருடம் சேர்ந்திருக்கிறேன். அனாடமி கிளாஸ் முழுக்க இங்கிலீஷ். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. சந்தேகம் கேட்கக் கை தூக்கவும் பயமாக இருக்கிறது.
– மாணவி, விளாத்திகுளம்

நீ தடுமாறுவது இங்கிலீஷில் என்று நினைக்கிறாய். அந்தச் சொற்களில் பாதிக்கு மேல் கிரேக்கமும் லத்தீனும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கும் 'ஹெப்பட்டோ' புதுசுதான்.

ஒரு நோட்டு போடு. சொல்லை முழுசாக எழுதாதே, உடைத்து எழுது. ஹெப்பட்டோ என்றால் கல்லீரல், நெஃப்ரோ சிறுநீரகம், ஆஸ்டியோ எலும்பு. ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்றால் அறுத்து எடுப்பது, ஈமியா என்றால் ரத்தத்தில். டாக்கி வேகம், பிராடி மெதுவு. ஹைப்பர் கூடுதல், ஹைப்போ குறைவு, கிளைக்கோ சர்க்கரை. இப்போது 'ஹைப்போகிளைசீமியா'வை உடைத்துப் பார்: ரத்தத்தில் சர்க்கரை குறைவு. நாளைக்கு ஐந்து துண்டு சேர்த்தால் போதும். கொஞ்ச நாளில் நீ பார்த்தே இராத சொல்லுக்கும் உன்னால் பொருள் சொல்ல முடியும்.

ஹைப்பர், ஹைப்போ இரண்டையும் மட்டும் முதல் நாளே உறுதியாகப் படித்துவிடு. போனில் கேட்டால் ஒன்று மற்றதாகக் காதில் விழும். அதனால் லேபிலிருந்து வார்டுக்குச் சொல்லும்போது நாங்கள் எண்ணைச் சொல்வோம்: 'பொட்டாசியம் ஆறு புள்ளி இரண்டு.' சிஸ்டர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் போனை வைப்போம்.

தமிழில் படித்ததைக் குறையாக நினைக்காதே. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்தார். அதற்காகவே அவர் தமிழ் படித்து, உடற்கூற்று நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். உன் தமிழில் முதலில் புரிந்துகொள். பரீட்சைக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பழகு. கிளாஸில் கை தூக்கப் பயமாக இருந்தால், கேள்வியைத் தாளில் எழுதி கிளாஸ் முடிந்ததும் மேடத்திடம் கொடு. நானும் பிள்ளைகளிடம் அப்படித்தான் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா, தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் இரண்டு தடவை நீட் எழுதியும் சீட் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை எழுதணும் என்கிறாள். லேப், நர்ஸிங் என்று பேச்செடுத்தால் சொந்தக்காரர்கள், 'டாக்டருக்கு எடுபிடி வேலைதானே' என்கிறார்கள். ஒரு வருட பாராமெடிக்கல் கோர்ஸ் என்று ஒரு நோட்டீஸும் வந்தது. என்ன செய்ய?
– வாசகர், வாசுதேவநல்லூர்

தம்பி, முதலில் அந்த 'எடுபிடி'க்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ராத்திரி வார்டிலிருந்து வந்த சாம்பிளில் பொட்டாசியம் 9க்கு மேல் காட்டியது. 5க்குள் இருக்க வேண்டியது அது. 9 என்றால் இதயம் நின்றுபோகலாம். டாக்டருக்குச் சொல்ல போனைக் கையில் எடுத்த எங்கள் லேப் பெண், கால்சியத்தையும் பார்த்தாள். அது அடிமட்டத்தில் இருந்தது. போனில் அவள் கேட்ட முதல் கேள்வி, 'ஆள் எப்படி இருக்கார்?' உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்றார்கள். உடனே புரிந்துவிட்டது. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இ.டி.டி.ஏ. உப்பில் பொட்டாசியம் இருக்கிறது; அந்த உப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். யாரோ ஊதா ட்யூப் ரத்தத்தைச் சிவப்பு ட்யூபில் ஊற்றி அனுப்பியிருந்தார்கள். புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால் 4.3. இல்லாத வியாதிக்கு அந்த ராத்திரியே வைத்தியம் ஆரம்பித்திருப்பார்கள். தடுத்தது 24 வயதுப் பெண். உங்கள் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது தடவை எழுதலாமா என்பதற்கு மார்க் தெரிய வேண்டும், நீங்கள் எழுதவில்லை. 720க்கு முதல் தடவை எவ்வளவு, இரண்டாம் தடவை எவ்வளவு என்று பாருங்கள். நன்றாக ஏறியிருந்து, கடைசியாக சீட் கிடைத்தவரின் மார்க்குக்குப் பக்கத்தில் வந்திருந்தால் இன்னொரு தடவை எழுதட்டும். அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் கட்-ஆஃபோடு ஒப்பிடுங்கள். இரண்டு வருடமும் மார்க் அதே இடத்தில் நின்றால் கோச்சிங்குக்கு மறுபடி பணம் கட்டாதீர்கள். எந்தத் தேதிவரை முயற்சி, அதற்குப் பிறகு எந்தப் படிப்பு என்று மகளையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். முடிவு அவளுடையதாக இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருடம், பிளஸ் டூ மார்க்கில் சீட். பி.ஃபார்ம் நான்கு வருடம். லேப் டெக்னீஷியன் டிப்ளமாவான டி.எம்.எல்.டி. இரண்டு வருடம். டயாலிசிஸ், ரேடியாலஜி, ஆப்டோமெட்ரி, பேச்சு-செவித்திறன் என்று இன்னும் இருக்கின்றன. விதிகள் வருடா வருடம் மாறும். சேரும் வருடத்து விளக்கக் குறிப்பேட்டை வரி வரியாகப் படியுங்கள்.

அந்த நோட்டீஸுக்கு வருகிறேன். என்னிடம் வேலை கேட்டு வந்த ஒரு பெண், இப்படி ஒரு இடத்தில் நகையை அடகு வைத்துப் படித்தவள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பம் போடும்போதுதான் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று தெரிந்தது. என் மேஜை முன்னால் நின்று அழுதாள், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் பணம் கட்டும் முன் கேளுங்கள்: அங்கீகாரம் தந்தது எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கவுன்சில்? பயிற்சி எந்த மருத்துவமனையில்? இந்தச் சான்றிதழை வைத்துத் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா? நர்ஸிங் என்றால் நர்ஸிங் கவுன்சில் பட்டியலிலும், ஃபார்மசி என்றால் ஃபார்மசி கவுன்சில் பட்டியலிலும் கல்லூரிப் பெயர் இருக்க வேண்டும். பதில் எழுத்தில் வரட்டும். வாய் வார்த்தை வேண்டாம்.

டீச்சர், ரத்தத்தைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வருகிறது. லேப் படிப்பு படிக்கலாமா?
– மாணவன், கடையநல்லூர்

படிக்கலாம் தம்பி. ரத்தத்தைப் பார்த்ததும் சிலருக்கு இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். அதனால்தான் கண் இருட்டுகிறது. தலை லேசாகும்போதே கை, தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடி. முகம் சூடாகிற வரை, 10, 15 விநாடி. பிறகு விடு. அரை நிமிடம் கழித்து மறுபடி. ஐந்து தடவை. ரத்தம் இல்லாத நேரத்திலும் வீட்டில் இதைப் பழகு. முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்து பார். ரத்தத்தைப் பார்க்காத நேரத்திலும் மயக்கம் வந்தால் டாக்டரிடம் காட்டு. லேபுக்கு வரும் நாளில் வெறும் வயிற்றோடு மட்டும் வராதே.