எரிந்த பட்டறையில் முதலில் எதைத் தொடுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பக்கத்து லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையில் தீப்பிடித்தது. மூலையில் இருந்த இரண்டு மெஷின் கரியாகிவிட்டது. மறுகோடியில் இருந்த மூன்றில் புகைக் கறுப்பு மட்டும்தான். நஷ்டத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று யாரோ சொல்ல, பத்து நாள் அப்படியே விட்டார்கள். தீயே படாத மூன்று மெஷினிலும் பெட் (மற்ற பாகங்களைத் தாங்கும் நீண்ட அடிப்பகுதி) முழுக்கத் துரு. இது எப்படி? – வாசகர், கணபதி, கோவை

பதில்: அந்த மூன்று மெஷினையும் கெடுத்தது தீ இல்லை, புகை. பட்டறை எரியும்போது ஒயரும் எரியும். அதன் உறை பிவிசி. பிவிசி பிசினின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகி, தீயணைக்க அடித்த தண்ணீரின் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. அது கரியோடு கலந்து, எந்த இரும்பு குளிர்ச்சியாக இருக்கிறதோ அதன்மேல் படியும். அதனால்தான் தீயிலிருந்து தள்ளி நின்ற மெஷினும் தப்பவில்லை. காலையில் கறுப்பாக இருந்த வி-பெட்டில் மறுநாள் விரலை ஓட்டினால் மஞ்சள் பொடி ஒட்டும். ஒரு வாரம் போனால் அது சொறிக்குழி. பிறகு கிரைண்டிங் (சாணை பிடித்துச் சமப்படுத்துவது)தான் வழி.

ஆகவே முதல் 48 மணி நேரம்தான் உயிர்நாடி. தீயணைப்புத் துறையினர் உள்ளே போகலாம் என்று சொன்ன பிறகு, மின் இணைப்பு முழுவதும் துண்டிக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் போட்டோ. ஒவ்வொரு மெஷினையும் நாலு பக்கமும், நேம் பிளேட்டைக் கிட்டத்தில் வைத்தும் எடுங்கள். வீடியோவில் ஒருமுறை பட்டறையைச் சுற்றி வாருங்கள். அதற்குப் பிறகு மெஷினைத் துடைத்து எண்ணெய் போடுவதை எந்த இன்சூரன்ஸ் பாலிசியும் தடுக்காது. நஷ்டம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்றுதான் நிபந்தனையே சொல்கிறது. கம்பெனிக்கு "துரு ஏறாமல் இருக்க எண்ணெய் பூசுகிறோம்" என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எரிந்த பொருளை மட்டும் ஒரு துண்டுகூட வெளியே போடாதீர்கள்.

அடுத்து கரி. கம்ப்ரசர் காற்றை அடித்து ஊதிவிடலாம் என்று கை தானாகப் போகும். வேண்டாம். அமிலக் கரியைச் சாடிலுக்கு (பெட்டின்மேல் நகரும் வண்டி) அடியிலும் ஸ்பிண்டில் (சுழலும் முக்கியத் தண்டு) பேரிங்குக்குள்ளும் நாமே தள்ளுகிற வேலை அது. வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். தீயணைப்பானிலிருந்து வந்த மஞ்சள் அல்லது வெள்ளைப் பவுடர் கிடந்தால் அதையும் காய்ந்த நிலையிலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும். ஏபிசி வகைப் பவுடர் அம்மோனியம் பாஸ்பேட். தண்ணீர் பட்டால் அதுவும் இரும்பை அரிக்கும்.

பிறகு கழுவல். 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ வாஷிங் சோடா, கொஞ்சம் சோப்புத் திரவம். பெட், லீட் ஸ்க்ரூ, சக், டெயில்ஸ்டாக் (வேலைப்பொருளின் மறுமுனையைத் தாங்கும் பாகம்) என்று இரும்புப் பாகங்களை மட்டும் பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்தெடுங்கள். அலுமினியத்தில் சோடா படக்கூடாது, அதைத் தின்றுவிடும். அமிலம் போய்விட்டதா என்று தெரிய, பெட்டில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு பிஎச் தாளை ஒற்றிப் பாருங்கள். தாள் சிவப்புப் பக்கம் போனால் இன்னொரு முறை கழுவ வேண்டும். கழுவாமல் எண்ணெய் மட்டும் பூசினால் எண்ணெய்க்கு அடியிலேயே துரு வளரும். ஆனால் கழுவ ஆள் கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்றால், அதுவரை வெறும் எண்ணெயாவது பூசி வையுங்கள். ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

காய்ந்த துணியால் ஒற்றியதும், நீரை விலக்கும் துருத்தடுப்பு எண்ணெயை ஸ்பிரே செய்யுங்கள். கூரை போன இடத்தில் தார்ப்பாய் கட்டும்போது மெஷின்மேல் ஒட்டப் போர்த்தாதீர்கள். உள்ளே வியர்த்துக் கொட்டும். ஒரு முழம் உயரத்தில் கட்டி, பக்கங்களில் காற்று போக விடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. விழுந்த கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் காய்ந்தபடி கூட்டக்கூடாது. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு அள்ளுங்கள். இன்னொன்று, எரிந்த ஆயில் சீலும் ஓ-ரிங்கும். அவை விட்டான் என்ற புளோரின் கலந்த ரப்பராக இருந்தால், எரிந்து பிசுபிசுப்பாகக் கிடக்கும் கரியில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கலாம். அது தோல் வழியாகவே எலும்புவரை இறங்கும். வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: தீயில் வெந்த லேத்தை வைத்துக்கொள்ளலாமா, பழைய இரும்புக்குப் போடலாமா? எதை வைத்து முடிவு செய்வது? – வாசகர், ஓசூர்

பதில்: மெஷின் எவ்வளவு சூடு கண்டது என்பதை மெஷினே சொல்லும். பெயின்ட் கொப்பளித்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொஞ்சம் சூட்டுக்கே பெயின்ட் கொப்பளிக்கும். உருகியது எது, உருகாதது எது என்று தேடுங்கள். ஈய சால்டர் 183 டிகிரியில் உருகும், துத்தநாக வார்ப்புக் கைப்பிடிகள் 380-ஐ ஒட்டி, அலுமினியம் 660-ல். அலுமினிய நேம் பிளேட் மெழுகாக ஒழுகி நின்றால், அந்த லேத்தின் பெட்டை நம்பாதீர்கள். வார்ப்பிரும்பு 500 டிகிரியைத் தாண்டினால் அதற்குள் அடங்கிக் கிடந்த இறுக்கம் தளர்ந்து பெட் முறுக்கிக்கொள்ளும்.

பளபளப்பான எஃகுப் பாகங்களில் நிறம் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சுமார் 220 டிகிரி, ஊதா 280, நீலம் 300. நீலம் வரை போயிருந்தால், ஹார்டனிங் செய்த பெட்டின் கடினம் குறைந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு நல்ல அரத்தை எடுத்து, பெட்டின் வேலைக்குப் படாத ஓரத்தில் இரண்டு இடங்களில் உரசுங்கள்: டெயில்ஸ்டாக் கோடியில் ஒன்று, தீ பட்ட பக்கம் ஒன்று. கடினம் இருக்கும் இடத்தில் அரம் வழுக்கும், போன இடத்தில் கடிக்கும். சந்தேகம் இருந்தால் கையடக்க ஹார்ட்னஸ் டெஸ்டர் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சூடேறிக் கிடந்த வார்ப்பின்மேல் தண்ணீர் பாய்ந்திருந்தால் விரிசல் இருக்கும். ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் தலைப்பகுதி) மூலைகள், பெட்டின் குறுக்கு விலாக்கள், காலோடு சேரும் இடம் ஆகியவற்றில் டை பெனட்ரன்ட் சோதனை (சாயம் பூசி விரிசலைக் காட்டுவது) செய்யாமல் மெஷினுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

பேரிங்குகளில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். சாதாரண பேரிங் 120 டிகிரிக்குத்தான் அளவு மாறாமல் இருக்கும்படி பதப்படுத்தப்பட்டது. கையால் சுற்றிப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடும், ஆறு மாதத்தில் சத்தம் போடும். சூடு கண்ட ஹெட்ஸ்டாக் என்றால் மொத்த செட்டையும் மாற்றுங்கள். கியர் பாக்ஸ் எண்ணெயை வடியுங்கள். மோர் மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மெல்லிய எண்ணெய் ஊற்றிக் கையால் சுழற்றி இரண்டு முறை அலசிய பிறகுதான் மோட்டார் ஓட வேண்டும். மோட்டாரை 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) பாருங்கள். 5 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஓவனில் 80–90 டிகிரியில் காயவைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் ரீவைண்டிங் (கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது).

கடைசிச் சோதனை வேலையிலேயே. மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வையும் காட்டும் லெவல் (ரசமட்டம்) வைத்து மெஷினைச் சமமாக உட்காரவைத்து, ஒரு தண்டில் 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு காலரை (வளையப் பகுதி), டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், ஒரே செட்டிங்கில் திருப்புங்கள். இரண்டின் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.02 மி.மீ.-க்குள் இருந்தால் பொது வேலைக்கு லேத் தேறிவிட்டது.

கேள்வி: சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) பேனலில் கரி மட்டும்தான். ஒருமுறை ஆன் செய்து பார்க்கலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. கரி மின்சாரம் கடத்தும். ஒரே நொடியில் டிரைவும் போர்டும் போய்விடும். கன்ட்ரோலர் பேட்டரியைக் கழற்றவும் வேண்டாம். பல கன்ட்ரோலர்களில் பாராமீட்டர் (மெஷினின் அமைப்பு எண்கள்) அந்தப் பேட்டரியின் தயவில்தான் நிற்கிறது. கார்டுகளைக் கழுவிக் காயவைப்பதைத் தெரிந்த சர்வீஸ் ஆளிடம் விடுங்கள். நெளியும் குழாய்க்குள் ஓடும் கேபிள்களை மட்டும் துடைத்து மறுபடி போட ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே உட்கார்ந்த அமிலம் ஒரு வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

கேள்வி: மெஷின்களின் இன்றைய மதிப்பு 40 லட்சம். பாலிசி 20 லட்சத்துக்கு. நஷ்டம் 10 லட்சம்தானே, முழுவதும் கிடைக்கும் அல்லவா? பில்கள் எல்லாம் எரிந்துவிட்டன. – வாசகர், அம்பத்தூர்

பதில்: கிடைக்காது என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம். மதிப்பில் பாதிக்குத்தான் பாலிசி என்பதால் நஷ்டத்திலும் பாதிதான், 5 லட்சம். மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி வரை உள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாகப் போட்டிருந்தால் வெட்டு இல்லை. உங்கள் கணக்கில் 34 லட்சத்துக்குப் போட்டிருந்தால் தப்பியிருப்பீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்றே பாலிசியை எடுத்து, அதே மெஷினை இன்று புதிதாக வாங்க என்ன விலை என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

பில் எரிந்தாலும் ஆதாரம் எரியவில்லை. ஜிஎஸ்டி தளத்தில் 2பி அறிக்கை (நீங்கள் வாங்கிய பில்களின் பட்டியல்), ஆடிட்டரிடம் சொத்துப் பட்டியல், பேங்கில் கடன் கோப்பு, மெஷின் விற்றவரின் லெட்ஜர் என நாலு இடத்தில் தேடினால் பதிவு கிடைக்கும். எரிந்த சரக்கை வாங்கியபோது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியை ஜிஎஸ்டி சட்டப்பிரிவு 17(5)(எச்)-படி அரசுக்குத் திருப்ப வேண்டும். அதனால் சரக்கின் கிளெய்மை வரியோடு சேர்த்துக் கேளுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

புது மெஷின் விலைப்படி இழப்பீடு என்றால், மாற்று மெஷினைப் பொதுவாக 12 மாதத்துக்குள் நிறுவ வேண்டும். கையில் பணமில்லை என்றால், நஷ்டம் உறுதியான அளவுக்கு முன்பணம் கேட்டுக் கடிதம் கொடுங்கள். பழைய இரும்பு மதிப்பை சர்வேயர் கழிப்பார். இரண்டு வியாபாரிகளிடம் எழுத்தில் விலை வாங்கி வையுங்கள். தொகை நியாயமில்லை என்று பட்டால், "முழுத் திருப்தி" என்ற தாளில் கையெழுத்துப் போடும் முன்பே ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள். கம்பெனியிடம் முறையிட்டு ஒரு மாதத்தில் தீராவிட்டால், குறுந்தொழில் என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார்.

கேள்வி: ஜாப் ஒர்க்குக்கு வந்த பார்ட்டியின் (வாடிக்கையாளர்) காஸ்டிங்குகளும் (வார்ப்புகள்) எரிந்துவிட்டன. யார் பொறுப்பு? – வாசகர், சிங்காநல்லூர்

பதில்: பாலிசியில் 'பிறர் பொருள் நம் பொறுப்பில்' என்று சேர்த்திருந்தால்தான் அதற்குப் பணம் வரும். சேர்க்கவில்லை என்றால் பார்ட்டியின் பாலிசி அதை மூடுகிறதா என்று கேளுங்கள். இரண்டு நாளுக்குள் டெலிவரி சலானை வைத்து எத்தனை பீஸ், எந்த நிலையில் இருந்தது என்று எழுதி அனுப்பிவிடுங்கள். பேட்டர்ன், ஜிக், டிராயிங் எரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர்கள் லைன் நிற்கும் முன்பே தெரிந்தால் வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள், ஆர்டரும் உங்களிடம் திரும்பும். அவசர வேலையைப் பக்கத்துப் பட்டறையில் இரவு ஷிப்ட் வாடகைக்கு எடுத்து உங்கள் ஆட்களை வைத்தே முடித்துக் கொடுங்கள்.

கேள்வி: மைக்ரோமீட்டர், ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுத் துண்டுகள்) எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. பயன்படுத்தலாமா? – வாசகர், திருச்சி

பதில்: ஸ்லிப் கேஜில் துருப்புள்ளி ஒன்று இருந்தாலும் அந்தத் துண்டு போனதுதான். மைக்ரோமீட்டரைப் பிரித்துத் துடைத்து, அமிலம் இல்லாத எண்ணெய் விட்டு, என்ஏபிஎல் (பரிசோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்து வாங்கிய பிறகு பயன்படுத்துங்கள். அதுவரை அதில் அளந்து ஒரு பீஸ்கூட வெளியே அனுப்பாதீர்கள்.