சமபந்தின்னா என்ன, வெறும் பந்தின்னு சொன்னா போதாதா?

கேள்வி: ஆகஸ்ட் 15க்கு எங்க ஊர் கோயில்ல 'சமபந்தி விருந்து'ன்னு போர்டு வச்சாங்க. தினமும் அன்னதானம் நடக்குற அதே மண்டபம்தான். அப்புறம் எதுக்கு இதுக்கு மட்டும் வேற பேரு?
- வாசகி, விருதுநகர்

பதில்: பந்தின்னா வரிசை, அவ்வளவுதான். கல்யாண வீட்ல "எத்தனாவது பந்தி ஓடுது?"ன்னு கேக்குறோம்ல, அதேதான். ஆனா அந்த வரிசையில யார் உக்காரலாம்ங்கறதுலதான் ஊரே பிரிஞ்சு கெடந்துச்சு. கூடத்துல ஒரு பந்தி, திண்ணையில ஒரு பந்தி, சிலருக்கு இலையே கெடையாது, எல்லாரும் சாப்ட்டு எழுந்தப்புறம் கொல்லப்பக்கம் நின்னு பாத்திரத்துல வாங்கிட்டுப் போகணும். பந்தியே பிரிக்கிற விஷயமா இருந்ததாலதான் முன்னாடி 'சம'ன்னு ஒன்னு சேக்க வேண்டி வந்துச்சு.

இது சும்மா வந்துடல. தெக்கே அய்யா வைகுண்டர்ங்கற சமூகச் சீர்திருத்தவாதி 19ஆம் நூற்றாண்டுலயே சாதி பாக்காம எல்லாரையும் ஒன்னா உக்கார வச்சு சாப்பிட வச்சாரு. அப்புறம் சேரன்மாதேவி குருகுலம், பசங்க அங்கயே தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் நடத்துனது, காங்கிரஸ் பணமும் அதுக்குப் போச்சு, அங்க பிராமணப் பசங்களுக்குத் தனியா சாப்பாடு போடுறாங்கன்னு தெரிஞ்சதும் அப்போ காங்கிரஸ்லயே இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவே இல்ல, 1924, 25ல தமிழ்நாட்டு காங்கிரஸையே உலுக்குன சண்டை அது. தேசத்துக்காகப் பாடுபடுற பிள்ளைங்க ஒரே வரிசையில உக்காந்து சாப்பிடக் கூடாதான்னு கேட்டதுல என்ன தப்பு சொல்லுங்க?

அன்னதானம்னா ஒருத்தர் குடுக்குறாரு, பசிச்சவர் சாப்பிடுறாரு. ரொம்ப உயர்ந்த காரியம், 1867ல வள்ளலார் வடலூர்ல ஆரம்பிச்ச தருமசாலையில இன்னைக்கும் யாரு என்னன்னு கேக்காம சோறு போடுறாங்க. ஆனா குடுக்குறவர் பக்கத்து இலையில உக்காரணும்னு அதுல கட்டாயம் இல்ல. சமபந்தியில உண்டு. கலெக்டரும் தெருக் கூட்டுறவரும் பக்கத்துல பக்கத்துல, ஒரே வாளி சாம்பார், அப்பளம் ஒருத்தருக்கு ஒன்னுன்னா எல்லாருக்கும் ஒன்னுதான். சிலர் கூட்டாஞ்சோறுன்னும் சொல்றாங்க, அது ஆளாளுக்கு அரிசி பருப்பு கொண்டாந்து சேந்து பொங்குறது, திருநெல்வேலிப் பக்கம் அந்தப் பேர்ல ஒரு சாதமே இருக்கு, இதுக்கு அது பொருந்தாது.

இப்ப நெறைய எடத்துல 'பொது விருந்து'ன்னு போட ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு அதுல மனசு ஒப்பல. எல்லாரையும் கூப்பிட்டுட்டு விஐபிக்கு மட்டும் உள்ள ரூம்ல தனி இலை போட்டாலும் அது பொது விருந்துதான், சமபந்தின்னு போர்டு வச்சுட்டா அப்படிச் செய்ய முடியாது.