செயின் வண்டி ரோலர்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, 20 டன் பொக்லைனில் ஹெல்பராகச் சேர்ந்திருக்கிறேன். கீழே வரிசையாக ரோலர்கள் இருக்கின்றன, மேலே இரண்டே இரண்டுதான். மேலே உள்ளவை எதற்கு?

பதில்: கீழே உள்ளவைதான் வண்டியின் எடையைச் சுமக்கின்றன தம்பி. பக்கத்துக்கு 7, நீளமான மாடல் என்றால் 9 கூட இருக்கும். மேலே உள்ள கேரியர் ரோலருக்கும் வண்டி எடைக்கும் சம்பந்தமே இல்லை. செயினை இழுத்துச் சுற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கும், மறுமுனையில் செயின் திரும்பும் சக்கரமான ஐட்லருக்கும் நடுவே செயின் தொங்கிப்போய் பிரேமில் உரசாமல் தாங்குவது மட்டுமே அதன் வேலை. அதனால்தான் யாரும் அதைக் கவனிப்பதில்லை. சேறு அடைத்துச் சுற்றாமல் நின்றுபோவதும் பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: நின்றால் என்ன? செயின் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடத்தானே செய்கிறது?

பதில்: ஓடும். ரோலர் ஒரே பக்கமாகத் தேய்ந்து தட்டையாகும், கூடவே செயின் லிங்க்கையும் அரைக்கும். ரோலர் விலை எங்கே, செயின் விலை எங்கே! தட்டை விழுந்துவிட்டால் சேற்றைச் சுரண்டி எடுத்தாலும் சரியாகச் சுற்றாது, மாற்றத்தான் வேண்டும். ஆகவே வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் ஊன்றி ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லு. அந்தச் செயினை முன்னும் பின்னும் ஓடவிட்டால் பாதிச் சேறு தானாக உதிரும். மிச்சத்தை வண்டியை இறக்கி, இன்ஜினை அணைத்த பிறகு மண்வெட்டியால் எடு. செயின் ஓடும்போது பக்கத்தில் நிற்காதே, கல் தெறிக்கும்.

கேள்வி: சொந்தமாக வண்டி வைத்திருக்கிறேன். ரோலருக்கு கிரீஸ் அடிக்க நிப்பிளே இல்லையே?

பதில்: இருக்காது சார். எண்ணெய் நிரப்பி மூடியே வருகிறது. இரண்டு ஓரத்திலும் முகத்தோடு முகம் உரசும் இரும்பு வளையங்களும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் வளையங்களும் இருக்கும். அதுதான் சீல். சீல் போனால் எண்ணெய் கசிந்து, புழுதி ஒட்டி, ரோலர் ஓரத்தில் கறுப்பாகப் படியும். சந்தேகமிருந்தால் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். இன்னொரு வழி, கொஞ்ச தூரம் ஓட்டியபின் தொடாமலே சூடு பார்க்கும் தெர்மாமீட்டரால் ஒவ்வொன்றாகப் பார்ப்பது. மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதுதான் ஆள். எண்ணெய் இல்லாமல் ஓடினால் உள்ளே ஷாஃப்டும், அதைச் சுற்றியிருக்கும் உலோகக் குழலான புஷ்ஷும் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

கேள்வி: செயினை நல்ல டைட்டாக வைத்தால் கழலாதுதானே?

பதில்: கழலாது, ஆனால் ரோலர், ஐட்லர், செயின் லிங்க்குகளைக் கோக்கும் பின்னும் புஷ்ஷும் எல்லாம் சேர்ந்து தேயும். கோமாட்சு பிசி200-இல் ஐட்லருக்கும் கேரியர் ரோலருக்கும் மேலே நேரான கட்டையை வைத்துப் பார்த்தால் நடுவில் 10 முதல் 30 மி.மீ. தொய்வு இருக்க வேண்டும். மற்ற கம்பெனிகள் வேறு இடத்தில் அளக்கச் சொல்கின்றன, உங்கள் வண்டியின் மேனுவலைப் பாருங்கள். சேற்றில் வேலை என்றால் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். ஸ்ப்ராக்கெட் பல்லில் சேறு அடைத்துச் செயின் தானாகவே இறுகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். செயினை இறுக்கிப் பிடிப்பது உள்ளே அடைத்த கிரீஸ்தான், அதை வால்வு வழியாக வெளியே விட்டால் செயின் தளரும். தளர்த்தும்போது கிரீஸ் வால்வை மெதுவாகத் திருப்புங்கள், ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம், முகத்தை அதற்கு நேரே கொண்டுபோகாதீர்கள். உள்ளே கிரீஸ் பயங்கர அழுத்தத்தில் இருக்கிறது. வால்வு பிய்த்துக்கொண்டு வந்தால் உயிரையே எடுத்துவிடும்.

கேள்வி: ஏரி தூர் வாரும்போது எவ்வளவு தண்ணீரில் இறக்கலாம்?

பதில்: கேரியர் ரோலரின் நடு மட்டம் வரை. அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: நான் மெக்கானிக் இல்லை, சும்மா ஆர்வம். ராணுவ டாங்கிகளில் சிலவற்றுக்கு மேல் ரோலரே இல்லையே, எப்படி?

பதில்: நல்ல கேள்வி. டி-34, டி-55 இரண்டிலும் பக்கத்துக்கு 5 பெரிய சக்கரங்கள். செயினின் மேல் பகுதி அந்தச் சக்கரங்களின் தலையிலேயே படிந்து ஓடும், தனியாகத் தாங்க ஆள் தேவையில்லை. ஆவடியில் தயாரான டி-72-இல் சக்கரங்கள் 6, அவற்றுக்கு மேலே 3 சின்ன ரோலர்கள் உண்டு. டாங்கிச் சக்கரத்தில் ரப்பர் சுற்றியிருப்பார்கள், அது வேகமாக ஓட வேண்டிய வண்டி. பொக்லைன் மணிக்கு 5 கி.மீ. போனாலே அதிகம், அதற்கு வெறும் இரும்பு போதும்.

கேள்வி: தேய்ந்த ரோலரை வெல்டிங் வைத்து ஏற்றிக் கொடுக்கிறார்கள். போடலாமா?

பதில்: கழற்றிப் பிரித்து வெல்டிங் வைத்து, கடைந்து, புது சீல் போட்டுத் தருபவர் என்றால் யோசிக்கலாம். வண்டியிலேயே வைத்துப் பற்றவைக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அந்தச் சூட்டில் ரப்பர் வளையம் கருகிவிடும், அடுத்த வாரமே எண்ணெய் கசியும்.