காகம் உயிருள்ள புறாக்குஞ்சைக் கொல்லுமா?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் காகமொன்று புறாக்குஞ்சைக் கொத்திக் கொன்றதைக் கண்டு, எச்சில் சோறு தின்னும் பறவை வேட்டையும் ஆடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடும், அது இயல்பான நடத்தைதான். கோலாலம்பூரில் நாம் அன்றாடம் பார்க்கும், சாம்பல் கழுத்துடைய வீட்டுக் காகம், தவளை, பல்லி, முட்டை, குஞ்சு என அகப்படுவதை எல்லாம் உண்ணும். சொல்லப்போனால், 1890களில் காப்பித் தோட்டங்களின் புழுக்களை ஒழிப்பதற்காகவே அது இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது.

என்னை மிகவும் வியக்க வைப்பது, ஆஸ்திரேலியக் காகங்கள் நச்சுத் தேரையைக் கையாளும் முறை. தோள்பகுதியில் நச்சுச் சுரப்பிகள் உள்ள கரும்புத் தேரையை மல்லாக்கப் புரட்டி, வயிற்றின் மெல்லிய தோலைக் கிழித்து, உள்ளுறுப்புகளை மட்டும் தின்ன அவை பழகிக்கொண்டன. அத்தேரை அந்நாட்டுக்கு 1935இல்தான் வந்தது என்பதை நினைத்தால், அவ்வளவு விரைவாகக் கற்றுக்கொண்ட அறிவை மதிக்காமல் இருக்க முடியவில்லை. நியூ கலிடோனியாவின் காகமோ, குச்சியைக் கொக்கிபோல் செதுக்கி, இடுக்குகளில் ஒளிந்திருக்கும் பூச்சிகளை வெளியே இழுக்கிறது.

கூட்டை நெருங்கும்போது ஒரு காகம் தாய்ப்பறவையைச் சீண்ட, மற்றொன்று குஞ்சைத் தூக்கிச் செல்வதும் உண்டு. மிச்ச உணவையும் திறந்த குப்பைப் பையையும் பால்கனியில் வைக்காமல் இருந்தால், அவை அங்கே வருவது குறையும்.