பழைய காரும் புதுப் பெயின்டும்: வாசகர் கேள்வி-பதில்

இங்கிலாந்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல வெயிலடித்தால் போதும், கூரை மடங்கும் பழைய கார்மேல் நம் ஆட்களுக்கு ஆசை வந்துவிடுகிறது. இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே அதைப் பற்றித்தான். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 1963 ஜாகுவார் ஈ-டைப், திறந்த மாடல், வலப்பக்க ஸ்டியரிங். 92,000 பவுண்டு சொல்கிறார்கள். பதிவுத்தாளில் சேஸிஸ் நம்பர் 860 என்று தொடங்குகிறது. வாங்கலாமா? — வாசகர், ஹாரோ

பதில்: நம்பரைக் குறித்து வந்தீர்களே, அதுவே பாதி வேலை. 3.8 லிட்டர் ஈ-டைப்பில் வலப்பக்க ஸ்டியரிங் திறந்த கார்களின் வரிசை 850001-இல் தொடங்கும். 860001-இல் தொடங்குவது கூரை உள்ள கூப்பே. ஆக, கூப்பேயின் கூரையை யாரோ அறுத்திருக்கிறார்கள்; அல்லது அந்தத் தாள் வேறொரு காருடையது. இரண்டாவது என்றால் இன்னும் மோசம்.

கூரையை அறுப்பது குற்றமில்லை. அதை மறைத்துவிட்டுத் திறந்த காரின் விலை கேட்பதுதான் அயோக்கியத்தனம். இன்றைய சந்தையில் கூப்பேயின் விலை பொதுவாகக் குறைவு. ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் சான்றிதழ் கேளுங்கள். தொழிற்சாலையிலிருந்து எந்த பாடியோடு, எந்த நிறத்தில், எந்த எஞ்சினோடு கிளம்பியது என்று அதில் இருக்கும். முன்பக்கச் சட்டத்தில், வலது ஷாக் அப்சார்பருக்கு மேலே குத்தியிருக்கும் நம்பரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அந்தச் சட்டம் போல்ட்டில் நிற்பது. கழற்றி வேறு மாட்டலாம்.

கேள்வி: ஏலக்கூடத்துக்குப் போக நேரமில்லை. போனிலேயே கேட்டு ஒரு டிரையம்ஃப் டிஆர்4 எடுத்தேன். படத்தில் பளபளவென்று இருந்தது. வந்து பார்த்தால் அடியில் துரு. ஏல விலைக்கு மேல் கமிஷன் வேறு போட்டிருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்க முடியுமா? — வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: முடியாது. நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் பழைய பொருள் வாங்கினால், கடையில் வாங்குகிறவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு கிடையாது. விவரப்பட்டியலில் பச்சைப் பொய் எழுதியிருந்தால் மட்டும் வழக்கறிஞரைப் பாருங்கள். கமிஷன் கணக்கு ஏல நிபந்தனைகளிலேயே இருந்திருக்கும்; படிக்காதது யார் தப்பு?

கேள்வி: 1954 ஆஸ்டின் ஹீலி 100, சேஸிஸ் நம்பர் பிஎன்1 என்று தொடங்குகிறது. பானட்டில் காற்றுத் துளைகள், குறுக்கே தோல் பட்டை. "அசல் 100எம்" என்று அதற்குத் தகுந்த விலை கேட்கிறார். அபூர்வ வண்டி என்பதால் விட மனமில்லை. — வாசகர், லெஸ்டர்

பதில்: அசல் இல்லை. 100எம் என்பது ஹீலி 100-இன் சக்தி கூட்டிய வகை. தொழிற்சாலையே கட்டிய 100எம் எல்லாம், பிஎன்1-க்குப் பிறகு வந்த பிஎன்2 வகை. 1955, 56-இல் வந்தவை. 1954-இல் அசல் 100எம் எங்கிருந்து வரும்?

இந்த விஷயத்தில் எனக்கு ஆற்றாமை உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1952 லண்டன் மோட்டார் கண்காட்சியில் டொனால்ட் ஹீலி தன் காரை நிறுத்தினார். ஆஸ்டின் தலைவர் லெனார்ட் லார்ட் பார்த்தார், பிடித்துப்போனது. ஹீலி ஹண்ட்ரட் ஆஸ்டின் ஹீலி ஆனது. அடுத்த வருடம் லெ மான் பந்தயத்தில் அந்தக் கார்கள் ஓடி முடித்த பிறகு, அதே பாகங்களை ஒரு 'லெ மான் கிட்' ஆக விற்றார்கள். பெரிய கார்புரேட்டர், குளிர்காற்றுப் பெட்டி, வேறு கேம் ஷாஃப்ட். எந்த ஹண்ட்ரடிலும் மாட்டலாம், டீலரே மாட்டிக் கொடுப்பார். அதன் பிறகுதான் கூடுதல் அழுத்த பிஸ்டனும் போட்டு, 90 குதிரைத்திறனை 110 ஆக்கி, 100எம் என்று கம்பெனியே கட்டியது. அப்படிக் கட்டியவை மொத்தம் 640.

இன்றைக்குத் துளை போட்ட பானட் புதிதாகக் கிடைக்கிறது. தோல் பட்டையைத் தபாலில் வரவழைக்கலாம். அதனால் அந்த 640 குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது! விளம்பரத்தில் 'எம் ஸ்பெக்', அதாவது 100எம் மாதிரி, என்று மழுப்புவார்கள். நேரில் போனால் 'அசல்' என்பார்கள். சான்றிதழ் கேட்டால் முகம் மாறும். அந்தச் சான்றிதழ் வாங்குவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையில்லை. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால், தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருவார்கள். அத்தனை பணம் கேட்கிற ஆள் இதை ஏன் வாங்கி வைக்கவில்லை? அதை அவரிடமே கேளுங்கள்.

கார் பிடித்திருந்தால் பிஎன்1 விலைக்கு வாங்குங்கள். அது ஒன்றும் மட்டமான வண்டியில்லை. முன் கண்ணாடியைப் பின்னுக்குச் சாய்த்துவிட்டு ஓட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும். கிட் மாட்டியதற்குப் பழைய ரசீது இருந்தால் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். 100எம் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 40 வருடத்துக்கு மேல் ஆன காருக்கு எம்.ஓ.டி. (வருடாந்திரத் தகுதி) சோதனை தேவையில்லையாமே? அப்படியானால் பிரேக் செலவு மிச்சம்தானே? — வாசகர், கிராய்டன்

பதில்: கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் செய்யாத காருக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பிரேக் இல்லாமல் ரோட்டுக்கு வர விலக்கு இல்லை. நீங்கள் எந்தத் தெருவில் ஓட்டப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற காசில் என் கணவருக்காக 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றை ஒரு கார் வியாபாரியிடம் 9,500 பவுண்டுக்கு வாங்கினேன். முன்பணம் 500 கிரெடிட் கார்டில். ரசீதில் "முழுமையாகப் புதுப்பித்தது" என்று எழுதியிருக்கிறது. முதல் மழையிலேயே கார்ப்பெட் நனைந்தது. மெக்கானிக், கதவுக்குக் கீழே உலோகமே இல்லை, பூச்சுதான் இருக்கிறது என்கிறார். கடைக்காரர் "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார். 19 நாள் ஆகிறது. — வாசகி, கோவென்ட்ரி

பதில்: அம்மா, முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். அப்புறம் இன்றைக்கே, நாளைக்கு அல்ல, அந்த ஆளுக்கு எழுத்தில் அனுப்புங்கள்: 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி காரை நிராகரிக்கிறேன், முழுப் பணமும் வேண்டும். கையில் வந்த 30 நாளுக்குள் இந்த உரிமை உங்களுக்கு உண்டு. 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்பது வியாபாரி வாயில் செல்லாத பேச்சு. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் கதை வேறு. "கொண்டு வாருங்கள், சரிசெய்து தருகிறேன்" என்று குழைவார். போகாதீர்கள்.

மெக்கானிக் சொன்னதைப் படங்களோடு எழுதி வாங்குங்கள். அடுத்தது கார்டு கொடுத்த வங்கி. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு, ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் வங்கி பொறுப்பு. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு என்று குறிப்பிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், 10,000 பவுண்டு வரையிலான சிறு வழக்குகளுக்கான வழி இருக்கிறது. உங்கள் தொகை அதற்குள் அடங்கும்.

ஏமாந்தோமே என்று குமைய வேண்டாம். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. திறந்த காரில் பாரத்தைத் தாங்குவதே கதவுக்கடியில் ஓடும் அந்த 'சில்' பகுதிதான். மறைத்து விற்பவர்கள் கை வைப்பதும் அங்கேதான். நான் வாங்கிய எம்ஜிபியில் அங்கே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே ஃபில்லர் இழைத்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். பிரித்தபோது கால்பந்துச் செய்தியை வாசிக்க முடிந்தது. காரை ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடச் சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்: நடு உடம்பு தொய்ந்த காரில் கதவு திரும்ப மூடாது.

கேள்வி: ஐந்து வருடத்தில் விலை ஏறுகிற மாதிரி ஒரு காரைச் சொல்லுங்கள். — வாசகர், ஸ்லவ்

பதில்: காரை விற்ற லாபத்துக்கு இங்கே மூலதன ஆதாய வரி இல்லை என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அது உண்மைதான். கொட்டகை வாடகை, இன்சூரன்ஸ், மெக்கானிக் கூலி எல்லாம் போக மிஞ்சும் லாபத்துக்குத்தான் அந்த வரி இல்லை. பங்கு வாங்குங்கள்.

கேள்வி: ஆரக்கம்பிச் சக்கரம் போட்ட டிரையம்ஃப். ரிவர்ஸ் போடும்போது 'டக்' என்கிறது. — வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதியான ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். பல் கத்திபோலக் கூர்ந்திருந்தால் ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். மலிவு என்று பழைய செட் வாங்காதீர்கள். நான் வாங்கியது கொட்டகைச் சுவரில் தொங்குகிறது.

கேள்வி: தாத்தாவின் 1948 எம்ஜி டிசி சென்னையில் இருக்கிறது. பழைய பதிவு எண் உண்டு. வின்டேஜ் பதிவுக்கு 'விஏ' எண் வாங்கியே ஆக வேண்டும் என்று ஏஜென்ட் 60,000 ரூபாய் கேட்கிறார். — வாசகர், மயிலாப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். 2021 மத்திய விதிப்படி, ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்; 'விஏ' வரிசை புதிதாகப் பதிபவர்களுக்கு. அவர்களுக்கே அரசுக் கட்டணம் 20,000 ரூபாய்தான். வின்டேஜ் என்று பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பணத்தில் ஒரு நல்ல தச்சரைக் கூப்பிடுங்கள். டிசியின் தகட்டுக்குள்ளே இருப்பது ஆஷ் மரச் சட்டம். கதவுத் தூணின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொசுபொசுவென்று அமுங்கினால் கரையான் உங்களை முந்திக்கொண்டது.